அரைத் தாங்கிக்குக் கீழே நின்றுபோன ஹைலக்ஸ்

போன கிழமை 12 மூட்டை நெல்லோடு கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்குப் போய் வந்தேன். திரும்பி வரும்போது டீசல் முள் காலுக்கும் கீழே கிடந்தது. மாங்குளம், முறிகண்டி எல்லாம் தாண்டியும் வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை, நிற்கவில்லை. தாங்கி பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறி நின்று, பல மாதமாக அலைக்கழித்த கோளாறு தீர்ந்துவிட்டது என்று இப்போதுதான் துணிந்து சொல்ல முடிகிறது. எங்கள் பக்கத்தில் பழைய டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இதே குறிகள் தெரிந்தவுடன், எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கிற இன்ஜெக்டர் பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெரிய தொகைக்குக் காத்திருக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பம்பில் ஸ்பானர் வைக்க முதல் ஒரு டீசல் கானும் உள்ளே ஓடுவது தெரிகிற வெள்ளைக் குழாய் இரண்டு மீற்றரும் வைத்து என்னவெல்லாம் பார்க்கலாம் என்பதைச் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வண்டி எல்என்106, 1990களின் முற்பகுதி, டபுள் கெப். 3எல் எஞ்சின்: 2,779 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லை. கணினி, சென்சர் என்று குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லாத வண்டி. டென்சோவின் சுழல் வகைப் பம்ப். இதில் முக்கியமான சங்கதி ஒன்று: தாங்கிக்குள் மின்சாரப் பம்ப் கிடையாது. இடைவழியிலும் டீசலைத் தள்ளிவிட ஒன்றும் கிடையாது. இன்ஜெக்டர் பம்பின் வயிற்றுக்குள் இருக்கிற சின்ன இறகுப் பம்ப்தான் பின்னால் இருக்கிற தாங்கியில் இருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி இழுக்கிறது. எரிப்பதைவிடக் கூடுதலாக இழுத்து, மிச்சத்தைத் திருப்பித் தாங்கிக்கே அனுப்பும். ஆகவே தாங்கியில் இருந்து பம்ப் வாசல் வரைக்கும் உள்ள முழு வழியும் உறிஞ்சும் வழி. அந்த வழியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. இந்தக் கோளாறு இவ்வளவு காலம் ஒளிந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

குறிகள் இப்படி. காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரம் போகும். எடுத்தவுடன் ஒரு நிமிடம் குலுங்கி ஓடி, பிறகு சரியாகிவிடும். வெறும் வண்டி ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. பாரம் ஏற்றி, மூன்றாம் கியரில் குளக்கட்டு ஏற்றத்தில் மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு எடுக்கும், திரும்ப விடும். ஏ9 வீதியில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடிய பிறகு முந்துவதற்காக மிதித்தால் அதே திணறல். மோசமான நாட்களில் அப்படியே அணைந்துவிடும். ஓரமாக விட்டு, பில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்பை அமத்தி இறுக்கினால் திரும்ப ஓடும். தாங்கி நிரம்பியிருக்கும்போது இது வரவில்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. எழுதி வைக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: முள் பாதிக்கு மேலே இருக்கும்வரை நல்ல பிள்ளை, பாதிக்குக் கீழே வந்தால்தான் தொல்லை. நின்ற நேரம், இடம், முள் நின்ற நிலை, பாரம் இந்த நான்கையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தது இந்த வேலை முழுவதிலும் ஆகப் பயன்பட்ட கருவி என்பேன்.

புகையையும் பார்க்க வேண்டும். திணறும்போது கறுப்புப் புகை வந்தால் டீசல் போகிறது, காற்றுத்தான் போதவில்லை என்று எயர் கிளீனரைத் தேடலாம். என்னுடையது திணறும்போது புகையே இல்லை. அணைந்து திரும்ப எடுக்கும்போது மட்டும் வெள்ளையாக ஒரு கொத்து. எரிக்க டீசல் கிடைக்காத வண்டியின் அடையாளம் அது.

முதலில் செய்தவை எல்லாரும் செய்கிறவை. டீசல் பில்டர் மாற்றினேன். எயர் கிளீனர் ஏற்கெனவே புழுதி பிடித்துக் கிடந்ததால் அதையும் மாற்றினேன். மச்சானை உள்ளே இருத்தி அக்சிலேற்றரை அடிவரை மிதிக்கச் சொல்லி, பம்பின் லிவர் கடைசி ஸ்குரூவில் போய் முட்டுகிறதா என்று பார்த்தேன்; முட்டியது. கேபிள் நீண்டுபோன வண்டிகளில் லிவர் பாதியில் நின்றுவிடும், அதுவும் இழுவை இல்லாதது போலத்தான் தெரியும். செலவில்லாத சோதனை, முதலில் செய்ய வேண்டியது.

அடுத்தது பம்பின் மேலே இருக்கிற, டீசலை வெட்டும் சொலினொய்ட். திறப்பைப் போட்டவுடன் அதற்கு 12 வோல்ற் வர வேண்டும், ‘டிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். மல்ற்றி மீற்றரின் ஒரு முனையை வயரில் கவ்விக்கொண்டு, வயர்க் கூட்டத்தைக் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். 12.3 வோல்ற், ஆடவே இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொலினொய்ட் வயர் விட்டால் எஞ்சின் திறப்பை மூடின மாதிரி ஒரே வெட்டாக நிற்கும், முன்னறிவிப்பு இருக்காது. காற்று போனால் அப்படி இல்லை. வேகம் ஏறி இறங்கும், குலுங்கும், ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், பிறகுதான் நிற்கும். நிற்கிற விதத்தைக் காதால் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். என்னுடையது எப்போதும் குலுங்கித்தான் நின்றது.

இதெல்லாம் முடிந்தும் குறை அப்படியே இருந்ததால் பம்ப் திருத்துகிற இடம் ஒன்றில் கேட்டேன். வண்டியைப் பாராமலே, பழைய பம்ப், உள்ளே தேய்ந்திருக்கும், கழற்றிக் கொண்டுவந்தால் சாமான் மாற்றித் தரலாம், ஒரு லட்சத்துக்கு மேலே வரும் என்றார்கள். முப்பது வருடப் பம்புக்கு அது நடக்க முடியாத கதை இல்லை. ஆனால் தேய்ந்த பம்ப் முள் பாதிக்கு மேலே இருக்கும்போது நன்றாக ஓடி, கீழே வந்தால் மட்டும் ஏன் திணற வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

எங்கள் ஊரில் ட்ரக்டர் எஞ்சின் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்பு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் கொப்பியைக் காட்டிச் சொன்னேன்.

“பம்பைத் தொடாதை தம்பி. முதல்ல கான் கட்டிப் பார்.”

“எங்க கட்டிறது அப்பு?”

“பம்புக்கு மேல எங்க கட்டினாலும் சரி. தாங்கியையும் பில்டரையும் விட்டிட்டு நேரா பம்புக்குக் குடு. ஓடினா பம்ப் நல்லம். ஓடாட்டி கழட்டு.”

கான் சோதனைக்கு வேண்டியவை: மூடியில் துளையிட்ட 5 லீற்றர்ப் பிளாஸ்ரிக் கான், உள்விட்டம் 8 மில்லிமீற்றர் உள்ள வெள்ளைக் குழாய், கிளிப்கள், 17 ஸ்பானர், புதுச் செப்பு வாஷர்கள். பம்பில் டீசல் உள்ளே போகிற இடமும் மிச்சம் வெளியே வருகிற இடமும் நடுவில் துளையுள்ள போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். வெளியே வருகிற போல்ட்டின் தலையில் ‘அவுட்’ என்று எழுதியிருக்கும். அதன் உள்ளே மிகச் சின்னத் துளை. பம்புக்குள் அழுத்தம் நிற்பதே அந்தச் சின்னத் துளையால்தான். இரண்டையும் கழற்றினால் மாறிப் பூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலில் ‘அவுட்’ போல்ட்டைப் பூட்டினால் வேறொரு திணறல் தொடங்கும், அதன் பின்னால் தனியாக அலைய வேண்டி வரும். நான் கழற்றியவுடன் அதில் சிவப்புப் பெயின்ற் ஒரு பொட்டு வைத்தேன்.

கானைக் கண்ணாடிக்கு அருகில், பொனட் மூலையோடு சேர்த்து ரயர் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன். அதில் இருந்து பம்ப் வாசலுக்கு ஒரு குழாய். பம்பில் இருந்து திரும்புகிற குழாயையும் அதே கானுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் கானில் உள்ள டீசல் எல்லாம் தாங்கிக்குப் போய்ச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் கான் காலியாகி, அந்தக் காரணத்தாலேயே வண்டி நின்றுவிடும். குழாய் எக்சோஸ்ற் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். கழற்றிய பில்டர்க் குழாயின் வாயை ஒரு போல்ட் வைத்து அடைத்தேன்.

பில்டர் வழியாகப் போகாமல் பம்புக்கு நேராகக் கொடுப்பதால் டீசல் சுத்தமாக இருக்க வேண்டும். புது டீசல் வாங்கி, மெல்லிய துணியில் இரண்டு மடிப்பாக வடித்து ஊற்றினேன்.

பாரம் ஏற்றிக்கொண்டு குளக்கட்டு ஏற்றத்துக்குப் போனோம். மூன்றாம் கியர், அடிவரை மிதி. ஒரு திணறல் இல்லை. திரும்ப இறங்கி, நின்று, திரும்ப ஏறி, இடையில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தோம். இந்த வண்டி இப்படி இழுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். பம்ப் நல்லது. ஒரு லட்சம் அங்கேயே மிச்சம்.

இனித் தேட வேண்டியது பம்பில் இருந்து பின்னால் போகிற வழியை மட்டும். அப்பு சொன்ன அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. கானை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு, குழாயைப் பம்பில் இருந்து எடுத்துப் பில்டரின் உள்வாசலில் கொடுக்கச் சொன்னார். கான் உயரத்தில் இருப்பதால் பில்டருக்குள் இப்போது உறிஞ்சல் இல்லை, தள்ளல்தான். வழமையாகக் காற்றை உள்ளே இழுக்கிற ஓட்டை, இப்போது டீசலை வெளியே கசிய விடும். பில்டர்த் தலையைத் துணியால் துடைத்து உலர்த்தி, சுற்றிவரப் பழைய கடதாசிக் கீற்றுகளைச் சுற்றி, எஞ்சினை அணைத்தபடி விட்டுவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் கைப்பம்பின் தண்டுக்கு அடியில் இருந்த கடதாசி மட்டும் நனைந்திருந்தது. பில்டர்க் கழுத்தும் அடியில் இருக்கிற தண்ணீர் திறக்கும் ஆணியும் காய்ந்தே இருந்தன.

கைப்பம்பின் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நின்ற நேரமெல்லாம் அதை அமத்தி அமத்தி வண்டியைக் கிளப்பியதால் அது இன்னும் கெட்டிருக்கும். வளையம் மட்டும் மாற்றலாம் என்றால் சரியான அளவு இங்கே கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து கைப்பம்போடு சேர்ந்த புதுத் தலை ஒன்றை எடுப்பித்தேன். அசல் சாமான் இல்லை, ஆனால் வளையம் இறுக்கமாகவே இருக்கிறது. பில்டரின் அடியில் தண்ணீர் காட்டும் சென்சர் இருந்தால் அதைப் பழைய பில்டரில் இருந்து கழற்றிப் புதியதில் போடும்போது அதன் வளையத்தையும் மாற்றிவிடுவது நல்லது. அங்கேயும் காற்றுப் போகும்.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டித் தாங்கியில் இருந்தே ஓட்டினேன். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட். ராத்திரி முழுக்கக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் தாங்கிக்கு இறங்கிப் போனதுதான் முன்பு காலையில் நேரம் எடுத்ததற்குக் காரணம். அந்தப் பிரச்சினை முடிந்தது. ஆனால் முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் ஏற்றத்தில் அதே திணறல். குறைந்திருந்தது, போகவில்லை.

இந்த இடத்தில்தான் வெள்ளைக் குழாய். பில்டருக்குள் டீசல் வருகிற ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழ நீளம் வெள்ளைக் குழாயைப் போட்டேன். போட்டவுடன் குமிழ் தெரியும். அது கழற்றிப் பூட்டியபோது போன காற்று. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அது அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். முள் பாதிக்கு மேலே இருந்தபோது குழாயில் டீசல் தெளிவாக, அசைவே தெரியாமல் ஓடியது. வேகம் ஏற்றினாலும் குமிழ் இல்லை. பிறகு தாங்கியில் இருந்து பத்து லீற்றர் அளவில் இறக்கிவிட்டுப் பார்த்தேன். நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது எப்போதாவது ஒரு குமிழ். மச்சான் மிதிக்க, குமிழ்கள் சரமாக வந்தன. அதோடு இன்னொன்று: மிதித்துப் பிடித்திருந்தபோது வெள்ளைக் குழாய் பக்கவாட்டில் கொஞ்சம் ஒடுங்கியது.

குமிழ் வந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. குழாய் ஒடுங்கினால் எங்கேயோ அடைப்பு. இங்கே இரண்டுமே. கராஜில் நிறுத்தி வைத்துச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அடைப்பைப் பார்க்க, தாங்கி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பில்டர்ப் பக்கக் குழாய் வழியாக ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் பின்னோக்கி ஊதினேன். முதலில் இறுக்கமாக இருந்தது. பிறகு சட்டென்று விட்டு, தாங்கிக்குள் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வண்டி ஓரளவு நன்றாக ஓடியது. பலர் இந்தக் கட்டத்தோடு விட்டுவிடுவார்கள். ஊதி விட்ட அழுக்கு தாங்கிக்குள்தான் கிடக்கிறது, திரும்ப வந்து அடைக்கும். எனக்கும் அதே வந்தது. தாங்கியை இறக்குவதைத் தவிர வழியில்லை.

65 லீற்றர்த் தாங்கி. முள் அடியில் இருக்கும்போது செய்தால்தான் ஒருவர், இரண்டு பேரால் இறக்கலாம். அடி ஆணியைக் கழற்றி மிச்ச டீசலை வடித்தேன். ஜக் வைத்துத் தாங்கிக்கொண்டு, அடியில் ஒரு பலகையும் கொடுத்து மெதுவாக இறக்க வேண்டும். மேலே இருக்கிற குழாய்களும் முள்ளுக்குப் போகிற வயரும் நீளம் குறைவு. போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்ததால் ஒன்றும் முறியவில்லை.

தாங்கிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது கதை விளங்கியது. அடியில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படை. அதற்குள் துருத் துகள்கள். டீசலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படிக் கறுப்புக் கழிவு உண்டாகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டை வருவதற்கு முன்னும் பின்னும், அறுவடைக்கு வேண்டும் என்று கிடைத்த டீசலை எல்லாம் நீலப் பரல்களில் சேர்த்து வைத்தோம். வெயிலில் சூடாகி இரவில் குளிர்ந்து பரலுக்குள் வேர்த்த தண்ணீர், மழைக்கால ஈரம், கடைசியில் அடியில் கிடந்த டீசல்வரை வண்டிக்கே ஊற்றினோம். அந்தக் காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல வண்டிகளின் தாங்கிக்குள் இப்போதும் அந்த வருடம் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

டீசலை உறிஞ்சும் இரும்புக் குழாய் தாங்கியின் மேல் தகட்டில் இருந்து அடிவரை இறங்கும். அதன் நுனியில் ஒரு வலை. வலையின் முக்கால்வாசி கறுப்புப் படையால் மூடிக் கிடந்தது. குழாயைத் துடைத்துப் பார்த்தபோது நடுவில் துருப்பிடித்த ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. மேல் வாயில் ஊதிக்கொண்டு நுனியை விரலால் பொத்தி, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அந்தப் புள்ளியில் இருந்து காற்று கொப்புளித்து வந்தது.

அளந்தேன். தகட்டில் இருந்து குழாய் நுனிவரை 215 மில்லிமீற்றர். ஓட்டை நுனியில் இருந்து 95 மில்லிமீற்றர் மேலே. அதாவது தாங்கியில் டீசல் பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்போது ஓட்டை வெளியே வருகிறது. கொப்பியில் குறித்த முள் நிலைகளோடு அப்படியே பொருந்தியது. இந்தக் கோளாறு முழுவதிலும் எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்தது அந்த அளவுதான்.

டீசல் ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை அந்த ஓட்டை கெடுதல் செய்யவில்லை, உதவிதான் செய்தது. நுனி வலை அடைத்துக் கிடக்க, ஓட்டை வழியாகவும் டீசல் போய்க்கொண்டிருந்தது. டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் இரண்டும் ஒன்றாகத் திரும்பின: வலையால் போதிய டீசல் வரவில்லை, ஓட்டையால் காற்று வந்தது. நடுவில் பொத்தலான ஸ்ட்ரோவால் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மெதுவாக ஓடினால் சின்ன உறிஞ்சலுக்கு வலை கொடுக்கிற டீசல் போதும். பாரத்தோடு மிதித்தால் உறிஞ்சல் கூடும், அடைத்த வலை மறிக்கும், காற்றுக்குத்தான் வழி லேசு. அதற்கு மேலே கைப்பம்பின் வெடித்த வளையமும் சேர்ந்து இழுத்திருக்கிறது.

ஓட்டையை மட்டும் அடைக்கலாமா என்று யோசித்தேன். சுற்றிவரக் குழாயின் சுவர் மெலிந்திருந்ததால் முழுக் குழாயையும் மாற்றினேன். செப்புக் குழாய் வளைக்கவும் பற்றவும் சுகம்தான், ஆனால் செப்பு டீசலைக் கெடுத்துப் பிசின் பிடிக்க வைக்கும். அதனால் எப்போதும் டீசலில் ஊறிக் கிடக்கிற இடத்துக்கு வேண்டாம் என்று 8 மில்லிமீற்றர் இரும்புக் குழாய் எடுத்தேன். மேல் தகட்டைத் தாங்கியில் இருந்து முழுதாகக் கழற்றி, சுத்தமாகக் கழுவி, வெல்டிங் கடையில் கொடுத்துப் பித்தளைப் பற்று வைத்தோம். தாங்கியோடு வைத்து ஒருவரும் பற்ற வைக்கக் கூடாது. காலியான தாங்கிக்குள் இருக்கிற ஆவிதான் மிக ஆபத்தானது.

நுனி வலைக்குத் துருப்பிடிக்காத தேத்தண்ணி வடி ஒன்றை வெட்டிச் சுற்றினேன். பழைய வலையைவிடக் கண் கொஞ்சம் பெரிது. அது நல்லதுதான் என்பது அப்புவின் கருத்து: நுண்ணிய அழுக்கைப் பிடிக்கப் பில்டர் இருக்கிறது, வலை பெரிய துகளை மறித்தால் போதும். புதுக் குழாயைப் பழையதைவிட 5 மில்லிமீற்றர் குறைத்து வெட்டினேன், அடியில் படிகிற தண்ணீரை நேராக உறிஞ்சாமல் இருக்க. கடைசி இரண்டு லீற்றர் அளவு எடுபடாமல் கிடக்கும், பரவாயில்லை.

தாங்கியைக் கழுவும் வேலைதான் இடுப்பை முறித்தது. சுடுதண்ணீரும் சட்டி கழுவும் தூளும் விட்டு, உள்ளே ஒரு துண்டு மெல்லிய சங்கிலியைப் போட்டு, மச்சானும் நானும் இரண்டு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். கறுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை திரும்பத் திரும்ப. பிறகு வன்னி வெயிலில் வாயைக் கீழே கவிழ்த்துக் காய வைத்தோம். முழுதாகக் காய்ந்த பிறகு இரண்டு லீற்றர் டீசல் விட்டு அலசி ஊற்றினோம். கழுவிய தண்ணீரை வளவிலோ வாய்க்காலிலோ விடாமல், பழைய எஞ்சின் எண்ணெய் சேர்க்கிற பரலுக்குள் ஊற்றி வைத்தேன்.

திரும்பப் பூட்டும்போது தாங்கியில் இருந்து சட்டக் குழாய் (வண்டியின் சட்டத்தோடு போகிற குழாய்) வரையும், சட்டக் குழாயில் இருந்து பில்டர்வரையும் உள்ள ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். பழையவை பார்வைக்கு நல்லவை, மடித்தால் உள்பக்கம் வெடிப்பு. குழாயின் உள்விட்டம் சரியாக 8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பெரியதை வாங்கிக் கிளிப்பால் நசுக்கினால் மடிப்பு விழுந்து அங்கேயே காற்றுப் போகும்.

காற்றெடுக்கிற ஒழுங்கு: பில்டர் மேலே கைப்பம்பை அது கல்லாக இறுகும்வரை அமத்த வேண்டும். பிறகு இரண்டு இன்ஜெக்டர்களின் மேல் நட்டை 17 ஸ்பானரால் அரைச் சுற்று இளக்கி, ஸ்டார்ட்டர் சுற்ற, நுரை போய்த் தெளிந்த டீசல் துள்ளியதும் இறுக்க வேண்டும். கையை அந்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, துணியால் மூடி நிற்க வேண்டும். பற்றரிக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துச் சுற்றினோம். பிடித்தது, குலுங்கியது, சீரானது.

சீரானதும் எஞ்சின் சும்மா நிற்கும் வேகம் அதிகமாகக் கேட்டது. கப்பியில் வெள்ளைக் கோடு போட்டு, கடனாக வாங்கிய, சுற்று எண்ணுகிற லைட் மீற்றரால் பார்த்தால் நிமிடத்துக்கு 950 சுற்று. எப்போதோ யாரோ, வண்டி நிற்கிறது என்று சொன்னதற்கு மருந்தாக அந்த ஸ்குரூவை ஏற்றி வைத்திருக்க வேண்டும். 700க்கு இறக்கி நட்டை இறுக்கினேன். வண்டியின் லைட்டைப் போட்டும் பார்த்தேன், நிற்கவில்லை.

செலவு, ரூபாவில்: பில்டர் இரண்டு 4,400, எயர் கிளீனர் 3,400, கைப்பம்போடு பில்டர்த் தலை 6,800, வெள்ளைக் குழாய் 700, ரப்பர்க் குழாய் மூன்று மீற்றர் 2,700, கிளிப்கள் 1,200, செப்பு வாஷர்கள் 640, இரும்புக் குழாயும் பற்றுக் கூலியும் 3,500. மொத்தம் 23,340. அப்பு காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய இரண்டு ஏக்கர் நெல்லை ஏற்றிக் கொடுத்தேன். இரண்டாவது பில்டர் வேலை முடிந்து கொஞ்ச நாள் ஓடிய பிறகு மாற்றியது. எவ்வளவு கழுவினாலும் மிச்ச அழுக்கு முதல் பில்டரில் வந்து சேரும். வெட்டிப் பார்த்தேன், கடதாசி மடிப்புகளில் கறுப்புப் பொடி இருந்தது.

அடுத்த முறை யாருடைய வண்டிக்காவது இதே குறி வந்தால், பில்டர் வாங்கப் போகமுன் வெள்ளைக் குழாயைப் போட்டுவிடுவேன். ஒரு குழாயைப் பில்டருக்கு முன்னாலும் இன்னொன்றைப் பில்டருக்கும் பம்புக்கும் இடையிலும் ஒரே நேரத்தில் போடுவேன். முன்னால் தெளிவு, பின்னால் குமிழ் என்றால் பில்டர்த் தலை. இரண்டிலும் குமிழ் என்றால் தாங்கிப் பக்கம். கைப்பம்புக் கோளாறும் தாங்கிக் கோளாறும் ஒரே நாளிலேயே பிரிந்து தெரிந்திருக்கும். சோதனை முடிந்ததும் வெள்ளைக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். டீசலிலும் எஞ்சின் சூட்டிலும் அது மஞ்சளாகி விறைத்து, கிளிப் இடத்தில் வெடிக்கும்.

வண்டி விலை இருக்கிற நிலையில் இந்த ஹைலக்ஸை மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஏறிய விலை, 2025இல் திரும்பத் திறந்த பிறகும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. அதனால் அடுத்த வேலையையும் யோசித்து வைத்திருக்கிறேன். தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில், சட்டத்தின் உள்பக்கத்தில், அடியில் திறப்பு உள்ள கண்ணாடிக் கிண்ண வகைத் தண்ணீர் பிரிப்பான் ஒன்று. பழைய ட்ரக்டர் ஒன்றில் இருந்து கழற்றியது அப்புவிடம் இருக்கிறது. அதற்கும் உள்வாசல், வெளிவாசல், கிண்ண வளையம் என்று காற்றுப் போகக்கூடிய மூன்று புது இடங்கள் வரும். ஆகவே முதலில் அதைக் கான் உயரத்தில் தொங்கவிட்டுக் கடதாசி சுற்றி ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவதாக இருக்கிறேன். வளையங்களுக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன், மாரி மழைக்கு முன் பூட்ட வேண்டும்.